அச்சும் வில்லும்: வண்டியை உயர்த்திய வரலாறு

சக்கரத்தைப் பற்றிப் பாடம் நடத்தாத ஆசிரியர் இரார். நெருப்பை அடுத்து மாந்த நாகரிகத்தை முன்னே உருட்டிச் சென்றது சக்கரமே என்று சொல்லிக் கரும்பலகையில் ஒரு வட்டம் வரைகிறோம். மாணவர்களும் அவ்வட்டத்தை ஏட்டில் வரைந்துகொள்கின்றனர். ஆனால், அச்சக்கரத்துக்கும் அதன்மேல் ஏறிச் செல்லும் மனிதனுக்கும் இடையில் என்ன இருக்கிறது என்னும் வினாவை நாம் எழுப்புவதில்லை. சக்கரத்தின் நடுவே அச்சு இருக்கிறது. அச்சின்மேல் வில் இருக்கிறது. வில்லின்மேல் வண்டியின் சட்டம் இருக்கிறது. இம்மூன்றுக்கும் இடைப்பட்ட சில அங்குல வெளியில் ஒரு வரலாறு அடங்கிக் கிடக்கிறது.

இதனை எழுதத் தூண்டியவர் என் முன்னாள் மாணவர் ஒருவர். எண்ணெய்ப்பனைக் குலைகளைச் சிறு தோட்டக்காரர்களிடமிருந்து வாங்கி ஆலைக்கு ஏற்றிச் செல்லும் தொழில் அவருடையது. பழைய பிக்கப் வண்டி ஒன்றை வாங்கியிருந்தார். காலையில் அதன் பின்னிருக்கையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் நால்வரை அமர்த்திக்கொண்டு வந்து எங்கள் பள்ளியில் இறக்கிவிட்டுத்தான் காட்டுக்குச் செல்வார். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அவ்வழியிலுள்ள செம்மண் சடக்கு சேறாகிவிடும்; வண்டியின் அடிவயிறு இருமுறை மண்ணில் தட்டி நின்றுவிட்டது. "ஐயா, வண்டியை நாலு அங்குலம் தூக்கிக் கட்டலாம்னு இருக்கேன். பட்டறைக்காரர் நாலு வழி சொல்றார். எதைச் செய்றதுன்னு தெரியல" என்று ஒருநாள் பள்ளி வாசலில் நின்று கேட்டார். நான் இயந்திரம் கற்றவன் அல்லேன். எனினும் தோட்டத்து ஓட்டுநர் ஒருவரின் மகன் என்னும் முறையில் அவ்வினாவை என்னால் எளிதில் தள்ளிவிட இயலவில்லை. நான்கு பிள்ளைகளின் உயிர் அதில் அமர்ந்து வருகிறது என்பதும் உண்மை.

நான்கு வழிகள் எங்கிருந்து வந்தன என்பதை முதலில் காண வேண்டும். ஏனெனில், வண்டியை உயர்த்தும் வழி ஒவ்வொன்றும் வண்டியின் அமைப்பு மாறிய ஒவ்வொரு காலத்திலும் பிறந்ததாகும். எந்த வண்டிக்கு எந்த வழி என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் அவ்வண்டி பிறந்த ஆண்டே.

நம் பண்டை இலக்கியத்திலேயே இதற்கு ஒரு தொடக்கம் உண்டு. உப்பு வணிகராகிய உமணர், மேடும் பள்ளமுமான நெடுவழியில் அச்சு முறியக்கூடும் என்று அஞ்சி, வண்டியின் அடியில் சேமவச்சு ஒன்றைக் கட்டிச் சென்றதை ஔவையார் புறநானூற்றில் உவமையாக்கியுள்ளார். வில் இல்லாத வண்டியில் பள்ளத்தின் அடி முழுவதையும் அச்சே தாங்கிற்று. அதனால்தான் மாற்று அச்சு தேவைப்பட்டது. ஆனால், அம்மாட்டு வண்டிக்கு அடி தட்டும் கவலை மிகுதியாக இருந்திராது. பெரிய மரச்சக்கரத்தின் நடுவில் அச்சு அமைவதால், சக்கரத்தின் அரைப்பங்கு உயரம் தானாகவே கிடைத்துவிடும். இம்மண்ணிலும் அத்தகைய வண்டிகள் ஓடின. சிங்கப்பூரின் கிரேத்தா ஆயர் என்னும் பகுதிக்கு மலாய் மொழியில் தண்ணீர் வண்டி என்பதே பொருள். மாடு பூட்டிய தண்ணீர் வண்டிகளால் வந்த பெயர் அது. பெரிய சக்கரமே அச்சை உயர்த்தும் என்னும் இவ்வுண்மையை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன்; நூறாண்டு கடந்து பலர் மறந்துபோனதும் இதுவே.

வில்லின் கதை ஐரோப்பாவில் வளர்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் நகரத்து வண்டி செய்வோராகிய ஒபடையா எலியட் என்பார், எஃகுத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வளைத்த நீள்வட்ட வில்லைக் குதிரை வண்டியின் அச்சுக்கும் உடலுக்கும் இடையே பொருத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அத்தகட்டு வில்லைத்தான் நம் பட்டறைகளில் ஸ்பிரிங் பட்டை என்கின்றனர். இன்றும் பிக்கப் வண்டிகள் பெரும்பாலானவற்றின் பின்புறத்தைக் குனிந்து பார்த்தால் அதன் கொள்ளுப்பேரனைக் காணலாம். குதிரை மறைந்தது, விளக்கு மாறியது, இயந்திரம் மாறியது, பட்டை மட்டும் மாறவில்லை. சுமை ஏற ஏறத் தகடுகள் ஒன்றுக்கொன்று துணை நின்று தாங்குவதும், அச்சை அதன் இடத்தில் பிடித்து வைக்கும் வேலையையும் தானே செய்துவிடுவதும் அதன் நீண்ட வாழ்வுக்குக் காரணங்கள். இவ்விரண்டாவது வேலையை நினைவில் கொள்க.

1908இல் அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு வெளியிட்ட டி மாடல் வண்டி, முன்னே ஒன்றும் பின்னே ஒன்றுமாகக் குறுக்கே கிடந்த இரண்டே தகட்டு வில்களின்மேல் நின்றது. அதன் டயர்கள் 30 அங்குல விட்டம் உடையவை; தரைக்கும் வண்டிக்கும் இடையே ஏறத்தாழ 10 அங்குலம் இருந்தது. அது அழகுக்காக வைத்த உயரம் அன்று. அந்நாளில் அமெரிக்கச் சிற்றூர்களின் சாலைகள் சேறும் வண்டித்தடமுமாகவே இருந்தன. உழவர் அவ்வண்டியின் பின்புறத்தைத் தாமே வெட்டிப் பெட்டி பொருத்திச் சுமை ஏற்றினர். அதைக் கண்ட நிறுவனம் 1925இல் தானே பெட்டி பொருத்திய வண்டியை விற்கத் தொடங்கிற்று. தொழிற்சாலையிலிருந்து முழுமையாக வெளிவந்த முதல் ஃபோர்டு பிக்கப் அதுவே.

பின்னர்ச் சாலைகள் செம்மைப்பட்டன, கார்கள் தாழ்ந்தன. தாழ்ந்த வண்டி வளைவில் உறுதியாக நிற்கும் என்பதைப் பொறியாளர் கண்டனர். ஆகவே உயரம் என்பது இனி எல்லாருக்கும் உரிய பண்பாக இல்லாமல், சாலை இல்லாத இடத்துக்குச் செல்வோருக்கு மட்டும் உரிய தேவையாயிற்று. 1935 அளவில் மார்மன் ஹெரிங்டன் என்னும் நிறுவனம் ஃபோர்டு சுமைவண்டிகளின் முன் அச்சுக்கும் இயந்திர ஆற்றலைச் செலுத்தி, நான்கு சக்கர இயக்க வண்டிகளாக மாற்றித் தந்தது. ஐந்தாண்டுகளில் போர் வந்தது. 1940இல் அமெரிக்கன் பேண்டம் என்னும் சிறு நிறுவனம் படைக்கென ஒரு முன்மாதிரி செய்தது. 1941 முதல் வில்லிஸ் நிறுவனமும் ஃபோர்டும் அவ்வகை வண்டிகளை இலட்சக்கணக்கில் வார்த்துத் தள்ளின. ஜீப் என்னும் சொல் அவ்வழியாகவே நம் மொழிக்கும் வந்து சேர்ந்தது. 1948இல் இங்கிலாந்தில் லேண்ட் ரோவர் பிறந்தது. மலாயாவில் அவசரகாலம் தொடங்கிய ஆண்டும் அதுவே. தோட்டத்துத் துரைமாரின் வண்டியென நம் முன்னோர் நினைவில் நிற்பது அவ்வண்டிதான்.

ஜீப்பிலும் லேண்ட் ரோவரிலும் ஓர் ஒற்றுமை உண்டு. இடச் சக்கரத்திலிருந்து வலச் சக்கரம் வரை ஒரே இரும்புக் குழாயாக நேர் அச்சு. அதனுடன் தகட்டு வில். முதல் முதல் உயர்த்துமுறைகள் யாவும் இவ்வமைப்பையே அடிப்படையாகக் கொண்டவை.

அவற்றை ஒருங்கே பார்ப்போம். பட்டையில் இன்னொரு தகட்டைச் சேர்ப்பது முதலாவது; உயரமும் வரும், விறைப்பும் வரும். சுமை ஏற்றாத நாளில் வண்டி கல்லின்மேல் கல்லாகத் துள்ளும். பட்டையைக் கழற்றி வளைவை மீட்டுத் தருவது அல்லது வளைவு மிகுந்த புதுப்பட்டையை இடுவது இரண்டாவது. செலவு கூடுதல், எனினும் பட்டை தன் இயல்பு கெடாமல் வேலை செய்யும். பட்டையின் ஒரு முனையைச் சட்டத்தோடு இணைக்கும் தொங்கு கொக்கியை நீளமாக்குவது மூன்றாவது. இதில் ஒரு சிறு கணக்கு உள்ளது: கொக்கி பட்டையின் ஒரு முனையில் மட்டும் இருப்பதாலும் அச்சு அதன் நடுவில் இருப்பதாலும், கொக்கியை இரண்டு அங்குலம் நீட்டினால் வண்டி ஓர் அங்குலமே உயரும். ஆறாம் வகுப்பு மாணவர்க்கு இதை வரைந்து காட்டினேன்; உடனே விளங்கிக்கொண்டனர். ஜீப் போன்ற சில வண்டிகளில் பட்டை அச்சுக்கு அடியில் கட்டப்பட்டிருக்கும். அதை அவிழ்த்து அச்சுக்கு மேலே கட்டிவிட்டால் ஒரே மூச்சில் ஐந்து அங்குலம் அளவுக்கு உயரம் கிடைக்கும். அது நான்காவது. ஆனால், ஸ்டியரிங் கம்பிகளின் கோணம் மாறிப்போகும். இயந்திரத்தின் முறுக்கில் அச்சு தானே சுழல முயன்று பட்டையை எழுத்து எஸ் போல நெளிக்கும்.

ஐந்தாவது முறை எளிதானது, மலிவானது: பின் அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே ஓர் இரும்புக் கட்டையை வைத்து, நீண்ட யூ போல்ட்டுகளால் இறுக்கிவிடுவது. தொழிற்சாலையிலிருந்தே இத்தகைய கட்டையோடு வரும் வண்டிகளும் உண்டு. அளவான கட்டை ஒன்றை அச்சின் பீடத்தில் சரியாகப் பொருந்துமாறு வைத்தால் தவறில்லை. ஆனால், பட்டைக்கு இரண்டாவது வேலை ஒன்று உண்டு என்றேன் அல்லவா? அச்சைத் தன் இடத்தில் பிடித்து வைப்பது. கட்டை உயர உயர, பிரேக் பிடிக்கும்போது எழும் முறுக்கு விசைக்கு அது ஒரு நெம்புகோல் ஆகிவிடுகிறது. ஸ்டியரிங் விசையும் கடும் பிரேக் விசையும் சேர்ந்து விழும் முன் அச்சில் கட்டை வைப்பதை விவரமறிந்த பட்டறைக்காரர் எவரும் ஏற்பதில்லை. பின் அச்சிலும் ஒரு கட்டையின்மேல் இன்னொரு கட்டையை அடுக்குதல் கூடாது.

இதை நான் நூலில் படித்துக் கற்கவில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் என் தந்தையார் ஓட்டிய தோட்டத்து வண்டி மழைக்காலத்தில் அடி தட்டுகிறது என்று, பட்டறையில் ஏற்கெனவே இருந்த கட்டையின்மேல் மற்றொன்றை அடுக்கிக் கட்டித் தந்தனர். வண்டி கம்பீரமாகத்தான் நின்றது. லயத்துப் பிள்ளைகளாகிய நாங்கள் அதனடியில் தவழ்ந்து சென்று விளையாடினோம். மூன்று மாதம் கழித்து, உர மூட்டைகள் ஏற்றிய வண்டியை மேட்டிலிருந்து இறக்கும்போது தந்தையார் பிரேக்கை அழுத்தினார். மேல் கட்டை நழுவிற்று. பின் அச்சு கோணிற்று. வண்டி ஓரத்து வடிகாலில் சரிந்தது. அவர் வலத் தொடை எலும்பு முறிந்தது. தோட்டத்து மருந்தகத்திலிருந்து பட்டணத்து மருத்துவமனைக்குக் கொண்டு சென்றது வேறொரு வண்டி. தாழ்வான பழைய கார். அதன்பின் அவர் ஓட்டுநர் வேலைக்குத் திரும்பவில்லை. உரக்கிடங்கில் கணக்குப் பார்க்கும் வேலை கிடைத்தது. கட்டை வைத்தவரை அவர் ஒருநாளும் குறை கூறியதில்லை. "உசரம் கேட்டது நான்தானே" என்பார்.

இனி வரலாற்றின் அடுத்த திருப்பத்துக்கு வருவோம். தகட்டு வில்லுக்குப் போட்டியாக இரு வில்கள் எழுந்தன. ஒன்று, முறுக்குத் தண்டு. ஈரத் துணியைப் பிழிவதுபோல் ஓர் எஃகுத் தண்டை முறுக்கினால் அது மீண்டும் நேராக முயலும், அம்முயற்சியே வில்லாகும். 1931இல் ஃபெர்டினாண்ட் போர்ஷே இதற்குக் காப்புரிமை பெற்றார். 1934இல் பிரான்சு நாட்டுச் சிட்ரோயன் கார் இதன்மேல் ஓடிற்று. 1960இல் அமெரிக்கச் செவ்ரலே பிக்கப்பின் முன்புறத்திலும் இது இடம்பெற்று, மூன்றே ஆண்டுகளில் கைவிடப்பட்டது. மற்றொன்று சுருள்வில். 1970இல் வெளிவந்த ரேஞ்ச் ரோவர், நேர் அச்சை விடாமல் அதன்மேல் நீண்ட சுருள்வில்லை வைத்தது. அதன் சிறப்பு நின்ற உயரத்தில் இல்லை. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது எவ்வளவு தூரம் கீழே நீண்டு நிலத்தைத் தொடுகிறது என்பதில்தான் இருந்தது. சக்கரம் நிலத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால்தான் இழுக்கும். உயரமாக நின்று ஒரு காலைத் தூக்கிக்கொண்டால் என்ன பயன்? 1993இல் நம் சபா மாநிலத்துக் காடுகளில் நடந்த கேமல் டிராஃபி பயணத்தில் பங்கு கொண்ட டிஸ்கவரி வண்டிகளும் இவ்வழி வந்தவையே.

ஆனால், இளைஞர் நெஞ்சில் இடம்பிடித்தது இந்நுட்பம் அன்று. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் பாப் சாண்ட்லர் என்பவர் தம் 1974ஆம் ஆண்டு ஃபோர்டு பிக்கப்பை மேலும் மேலும் உயர்த்தி, மேலும் மேலும் பெரிய சக்கரங்களைப் பூட்டினார். பிக்ஃபுட் எனப்பட்ட அவ்வண்டி 1981இல் பழைய கார்களின்மேல் ஏறி அவற்றை நசுக்கிற்று. அதன் பின்னர் உயரமே ஒரு வேடிக்கையாயிற்று. வேடிக்கை ஒரு வணிகமாயிற்று. தேவைக்காக உயர்த்திய உழவனையும் காட்சிக்காக உயர்த்திய இளைஞனையும் ஒரே கடைக்காரர் ஒரே பொட்டலத்தை நீட்டி வரவேற்கலானார். நம் நாட்டிலும் 1997இல் தொடங்கிய மழைக்காட்டுப் பந்தயத்தில் வானளாவிய வண்டிகளைக் கண்டு வியந்தோர் பலர். அவை மழைக்காலச் சேற்றில் ஓடி, கம்பி வடத்தால் தம்மைத் தாமே இழுத்துக்கொண்டு வெளியேறுவதற்கென்றே செய்யப்பட்டவை. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்ல அல்ல.

இவ்வேளையில் பிக்கப் வண்டியே உள்ளுக்குள் மாறிக்கொண்டிருந்தது. டொயோட்டாவின் ஹைலக்ஸ் 1968இல் ஜப்பானில் வெளிவந்தது. ஹீனோ நிறுவனத்தின் ஆலையில் உருவாயிற்று. 1979இல் அதற்கு நான்கு சக்கர இயக்கம் கிடைத்தது. முன்னும் பின்னும் நேர் அச்சு, தகட்டு வில். மேலே சொன்ன முறைகளுள் பல அதற்குப் பொருந்தின. 1985இன் பிற்பகுதியில் அமெரிக்கா போன்ற சந்தைகளுக்குச் சென்ற வண்டிகளில் முன் அச்சு நீங்கிற்று. இரண்டு சக்கரங்களும் தனித்தனியே ஏறி இறங்கும் அமைப்பும் முறுக்குத் தண்டும் வந்தன. சாலையில் மென்மையான ஓட்டத்துக்கு இது நல்லது. ஆனால், டிஃபரன்ஷியல் பெட்டி சட்டத்தோடு அசையாமல் நிற்க, சக்கரம் மட்டும் ஏறி இறங்குவதால், இரண்டையும் இணைக்கும் சுழல் தண்டுக்கு இரு முனையிலும் வளையும் மூட்டு வேண்டியதாயிற்று. உயர்த்துவோருக்குப் புதுத் தடை இங்கேதான் பிறந்தது.

முறுக்குத் தண்டின் முனையில் ஒரு திருகாணி உண்டு. நாளடைவில் தளர்ந்து தாழ்ந்த வண்டியை மீண்டும் நிமிர்த்துவதற்காக வைத்தது அது. அதைச் சில சுற்று முடுக்கினால் ஒரு காசும் செலவின்றி முன்புறம் உயர்கிறது. ஆதலால் இதைவிடக் கவர்ச்சியான வழி வேறில்லை. ஆனால், முடுக்குவதால் தண்டு நீள்வதுமில்லை, வலுப்பதுமில்லை. வண்டி நிற்கும் இடம் மட்டும் மாறுகிறது. சக்கரம் கீழே இறங்குவதற்கு இருந்த இடம் அவ்வளவுக்குக் குறைகிறது. பள்ளத்தில் சக்கரம் இறங்கத் தொடங்கிய உடனே கை தன் எல்லையில் முட்டிக்கொள்ளும். சுழல் தண்டின் மூட்டுகள் எப்போதும் வளைந்த நிலையிலேயே சுழன்று தேயும். ரப்பர் உறை கிழியும். டயரின் ஓரம் தேயும். ஓர் அங்குலம் தாங்கும். இரண்டுக்கு மேல் போவது மூட்டுகளின் ஆயுளை விற்று உயரம் வாங்குவதாகும். நான்கு, ஆறு அங்குலம் வேண்டுமெனில் டிஃபரன்ஷியலையும் கைகளையும் தாங்கும் குறுக்குச் சட்டங்களையே கீழே இறக்கிப் பொருத்தும் முழுத் தொகுதி தேவை. செலவு மிகப் பெரிது. சட்டத்தை அறுக்கவும் நேரும்.

2004இல் தாய்லாந்தில் அறிமுகமான புதிய ஹைலக்சில் முறுக்குத் தண்டு போய்ச் சுருள்வில் வந்தது. 2002இல் முறுக்குத் தண்டோடு வந்த இசுசு டி-மேக்சும் 2011இல் சுருள்வில்லுக்கு மாறிற்று. இவ்வகை வண்டிகளை உயர்த்துவோர் சுருள்வில்லுக்கு மேலே ஒரு வட்டைச் செருகுகின்றனர். அல்லது அளவறிந்து செய்த நீண்ட வில்லையும் அதற்கேற்ற அதிர்வு தாங்கியையும் மாற்றுகின்றனர். முன்னது மலிவு; பின்னது முறையானது. 1975இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய ஏ.ஆர்.பி. போன்ற நிறுவனங்கள் வளர்த்த வழி பின்னதே. அந்நாட்டில் தொலைதூர மண்சாலைகளில் சுமையோடு செல்வோர் மிகுதி; ஆகவே உயரத்தைவிடச் சுமைக்கேற்ற வில் என்பதே அவர்களின் முதற்கேள்வியாக இருந்து வந்துள்ளது. நாம் கற்க வேண்டிய வழக்கம் அது.

வில்லையே தொடாமல் உயர்த்தும் முறையும் ஒன்றுண்டு. சட்டத்துக்கும் வண்டியின் கூட்டுக்கும் இடையே ரப்பர் தாங்கிகள் உள்ள இடங்களில் வட்டுகளை வைத்துக் கூட்டை மட்டும் இரண்டு மூன்று அங்குலம் தூக்குவது. பெரிய டயருக்கு இடம் கிடைக்கும். ஆனால், சட்டமும் அடிப்பகுதியும் முன்பிருந்த உயரத்திலேயே நிற்கும். அடி தட்டுவது தட்டிக்கொண்டே இருக்கும். ஸ்டியரிங் தண்டு, எரிபொருள் குழாய், கியர் கோல் ஆகியவை எட்டாமல் போகவும் கூடும். தோற்றத்துக்கும் தேவைக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்க்கு விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிட்டவில்லை.

எம்முறையாயினும் உயரத்துக்கு ஒரு விலை உண்டு. அதைக் கணக்காகவே காட்டலாம். இரு சக்கரங்களுக்கு இடைப்பட்ட அகலத்தின் பாதியை, ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்து வரும் எண்ணே வண்டியின் நிலைப்பு எண். அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆணையம் 2001ஆம் ஆண்டு மாதிரி வண்டிகள் தொடங்கி, கவிழும் ஆபத்தை இவ்வெண் கொண்டு தரம் பிரித்தது. பயணிகள் கார்களுக்கு இது பெரும்பாலும் 1.3க்கு மேல் அமையும்; பிக்கப் போன்றவற்றுக்கு 1.0 முதல் 1.3 வரை. ஓர் எடுத்துக்காட்டு கொள்வோம். அகலம் 150 சென்டிமீட்டர், ஈர்ப்பு மையம் 70 சென்டிமீட்டர் உயரத்தில். 75ஐ 70ஆல் வகுக்க 1.07. வண்டியை 10 சென்டிமீட்டர் உயர்த்துகிறோம். அச்சும் சக்கரமும் கீழேயே இருப்பதால் ஈர்ப்பு மையம் 8 சென்டிமீட்டர் உயர்வதாகக் கொள்வோம். 75ஐ 78ஆல் வகுக்க 0.96. நான்கு அங்குலம் என்று நாவால் சொல்லிவிடுகிறோம். வளைவில் அந்த வேறுபாட்டை உணர்வது உள்ளே இருப்பவர்கள்.

பலர் அறியாத மற்றொன்றையும் சொல்ல வேண்டும். பழைய பிக்கப் வண்டிகள் பலவற்றில் பின் அச்சிலிருந்து ஒரு மெல்லிய கம்பி சட்டத்திலுள்ள பிரேக் வால்வுக்குச் செல்லும். சுமை ஏறி வண்டி தாழ்ந்தால், அவ்வால்வு பின் சக்கரங்களுக்கு மிகுதியான பிரேக் அழுத்தத்தை விடும். வெறுவண்டியாய் உயர்ந்து நின்றால் குறைக்கும். வண்டியை உயர்த்திவிட்டு இக்கம்பியைச் சரிசெய்யாமல் விட்டால், வால்வு ஏமாந்துபோகும். ஒரு டன் குலை ஏற்றியிருந்தும் வெறுவண்டி என்றே கருதிப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். அத்துடன் பிரேக் ரப்பர் குழாயின் நீளம், முகப்பு விளக்கின் நோக்கு ஆகியவற்றையும் பார்த்தாக வேண்டும். சாலைப் போக்குவரத்துத் துறையின் ஒப்புதலும் காப்பீட்டு நிறுவனத்துக்கு அறிவித்தலும் தனி.

என் மாணவரின் வண்டி முறுக்குத் தண்டுக் காலத்தது. ஒரு சனிக்கிழமை அதனைப் பள்ளித் திடலில் நிறுத்தி, வகுப்பறையிலிருந்து மர அடிக்கோல் ஒன்றை எடுத்து வந்து, இருவருமாகக் குனிந்து அளந்தோம். மண்ணில் தட்டிய தழும்பு எங்கே இருந்தது என்று அவரையே தேடச் சொன்னேன். சட்டத்தில் இல்லை, பின் அச்சின் நடுவே துருத்தி நிற்கும் டிஃபரன்ஷியல் உருண்டையின் அடியில் இருந்தது. அவர் சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தகடு சேர்த்தாலும், கட்டை வைத்தாலும், கூட்டைத் தூக்கினாலும் அவ்வுருண்டை ஒரு நூலளவும் உயராது. அது அச்சோடு சேர்ந்தது. அச்சு சக்கரத்தின் நடுவில் இருப்பது. உமணர் வண்டிக்குப் பொருந்திய கணக்கே இதற்கும்.

மேலும் ஒன்று தெரிந்தது. பின் பட்டைகள் ஆண்டுக்கணக்கில் குலை சுமந்து தட்டையாகிவிட்டிருந்தன. வண்டி தன் இயல்பான உயரத்திலேயே இல்லை. நாங்கள் உயர்த்த வேண்டியதில் பாதி, இழந்ததை மீட்பதாக இருந்தது.

அவர் செய்துகொண்டது இதுவே: பின் பட்டைகளைத் தம் சுமைக்கேற்ற வலுவும் வளைவும் உடையனவாக மாற்றினார், பிரேக் வால்வின் கம்பியைச் சரிசெய்வித்தார், முன் திருகாணியை ஓர் அங்குல உயரத்துக்கு மட்டும் முடுக்கினார், நான்கு அதிர்வு தாங்கிகளையும் புதுப்பித்தார், விட்டம் ஓர் அங்குலம் கூடிய, சேற்றைப் பற்றும் வரிகள் ஆழ்ந்த டயர்களைப் பூட்டினார். ஓடை பெருகிச் சடக்கை மூடும் நாளில் பிள்ளைகளோடு அதைக் கடப்பதில்லை என்றும், சுற்றுவழியில் இருபது நிமிடம் கூடுதலாக வருவது என்றும் அவரே சொன்னார். நான் கேட்கவில்லை.

வேலை முடிந்த பின் மீண்டும் ஒருநாள் வண்டியோடு வந்து, அடிக்கோலைக் கேட்டு வாங்கிப் போய்த் தாமே அளந்தார். டிஃபரன்ஷியல் உருண்டைக்கும் நிலத்துக்கும் இடையே முன்பு எட்டு அங்குலம் இருந்தது. இப்போது எட்டரை.